மூன்றாம் தறியும் முப்பத்தெட்டு மில்லிமீட்டரும்

ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி நாலு வருஷமான ஆளுக்கு ஆய்வகத்திலிருந்து போன் வந்தால், எங்கேயோ ஒரு வால்வு மக்கர் பண்ணுகிறது என்று அர்த்தம். போன வாரம் கவிதா கூப்பிட்டபோதும் அப்படித்தான் நினைத்தேன். நான் முப்பத்தோரு வருஷம் பார்த்த ஹீலியம் பிரிவை இப்போது அவர்தான் பார்க்கிறார். எங்கள் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து வாசுதேவநல்லூர்க்காரர். அதனால் மற்றவர்களைப் போல 'சார்' போடாமல் 'அண்ணாச்சி' என்றே கூப்பிடுவார்.

"அண்ணாச்சி, அடுத்த வாரம் பொதுஜனங்க வந்து நம்ம லேபைச் சுத்திப் பாக்காங்க. நம்ம பிரிவுக்கு ஒரு போர்டு எழுதி வாட்ஸ்அப்புல அனுப்பிருக்கேன், படிச்சுப் பாருங்க. சாமுவேல் சார் காலத்து லாக் புக் ஒண்ணையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள தொறந்து வைக்கப் போறோம். அதுல ஒங்க கையெழுத்துகூட இருக்கு."

போர்டைப் படித்தேன். ஹீலியத்தை மிக மிகக் குளிர வைத்தால் அதன் அணுக்கள் எல்லாம் அணிவகுப்பில் கால் தப்பாமல் நடக்கும் வீரர்களைப் போல ஒன்றாக நகரும் என்று எழுதி, பக்கத்தில் வரிசையாக வீரர்கள் படமும் போட்டிருந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எல்லாம் சேர்ந்து அடிக்கிறது என்ற இதே மாதிரி நினைப்பை நம்பி நான் வேலையைத் தொலைக்கப் பார்த்தவன். ஆனால் எந்த வருஷத்து லாக் புக் என்று கேட்டு அவர் சொன்னதும் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் எழுதிய நாளுக்குப் பிறகு நான் அதைத் திறந்ததே இல்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தறி செட். ஆறு விசைத்தறி. டிப்ளமோ முடித்துவிட்டுத் தறி மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டு திரிந்த என்னை, ஒரு பேப்பர் விளம்பரம் ஆய்வகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தற்காலிக வேலை. முதல் இரண்டு வருஷத்தில் கற்றதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். குளிர்ந்த பாத்திரத்தை இறுக்கி மூடாதே, வெடிக்கும். கையுறை போடாமல் எதையும் தொடாதே, தோல் போய்விடும். மூன்றாம் வருஷ முடிவில் என்னை நிரந்தரமாக்குவதா, ஊருக்கு அனுப்புவதா என்று ஒரு குழு கூடும். கரிவலம்வந்தநல்லூரில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். வேலை நிரந்தரமான கடிதத்தைக் காட்டினால்தான் நாள் குறிப்பேன் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

குழுவுக்கு என்னைப் பற்றிக் குறிப்பு எழுத வேண்டியவர் சாமுவேல் சார். எங்கள் பிரிவின் தலைவர், பாளையங்கோட்டைக்காரர். கூட்டத்தில் இங்கிலீஷ் கலந்து கணக்காகப் பேசுவார். தனியாக இருந்தால் நம்ம ஊர்ப் பேச்சுத்தான். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அந்தத் துடைப்பு நீள நீள நமக்கு வியர்க்கும்.

லாக் புக் விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பென்சில் கூடாது, பேனாதான். தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது கீழே தெரிய வேண்டும். "என்ன பண்ணுனீரோ அதை எழுதும்வே. என்ன பண்ணிருக்கணும்னு எழுதாதீரும்" என்பார். வால்வைக் கால் சுற்றுத் திருப்பினால்கூட நேரம் போட்டு எழுத வேண்டும்.

என் வேலை, கேன் அடைப்பது. சின்னச் சோற்றுப் பானை அளவில் ஒரு செம்புக் கேன். பேராசிரியர் ஒருவரின் சோதனைப் பொருள் அதற்குள் இருக்கும். கேனின் உள்ளே காற்றே இல்லாத வெற்றிடம், வெளியே சுற்றிலும் திரவ ஹீலியம். ஒரு பொட்டு ஹீலியம் உள்ளே போனாலும் சோதனை வீண். மூடியும் கேனும் சேரும் இடத்தில் இண்டியம் என்ற உலோகத்தில் செய்த கம்பியை வைத்து அடைப்போம். நகத்தால் அழுத்தினால் பதியும், அவ்வளவு மெத்து. முதலில் மூடியின் பள்ளத்தைப் பஞ்சால் துடைக்க வேண்டும், பஞ்சு வெள்ளையாக வரும்வரை. கம்பியை வட்டமாக வைத்து, இரண்டு நுனியையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போட வேண்டும். பிறகு போல்ட். ஒன்றை முடுக்கினால் அடுத்தது நேர் எதிரில் உள்ளது, ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. முடித்து ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி முடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் இண்டியம் இன்னும் கொஞ்சம் இளகி இடம் கொடுத்திருக்கும். கடைசியில் கசிவு காட்டும் கருவியைக் கேனில் மாட்டி, வெளியே ஹீலியம் வாயுவை ஊதிப் பார்ப்போம். ஊசி அசையக் கூடாது.

மூன்றாம் வருஷக் கடைசியில் நான் அடைத்த ஒரு கேனில் ஊசி அசையவில்லை. திரவ நைட்ரஜனில் முக்கினோம், அசையவில்லை. திரவ ஹீலியத்தில் இறக்கினோம், அப்போதும் அசையவில்லை. பிறகு பக்கத்து அறையில் இருந்த இரண்டு பெரிய பம்புகளையும் ஓட விட்டோம். திரவத்தின் மேல் உள்ள அழுத்தத்தைப் பம்புகள் குறைக்கக் குறைக்கத் திரவம் இன்னும் குளிரும். பாதரச மானியில் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. கேனை இறக்கிய கண்ணாடிக் குடுவையில் வெள்ளிப் பூச்சு இல்லாமல் விட்ட ஒரு நீளக் கீற்று வழியே பார்த்தால் ஹீலியம் உலைத் தண்ணீர் போலக் கொதித்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு மில்லிமீட்டர் வந்ததும் குமிழ் எல்லாம் ஒரே நொடியில் நின்றது. திரவம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு அசைவே இல்லை. அந்த நொடியில் கசிவு ஊசி ஒரே எகிறாக எகிறியது.

"இது சாதாரணக் கசிவு இல்ல. அந்தக் குளிருல மட்டும் வார கசிவு. அடைப்பைப் பிரிச்சுத் திரும்பப் போடும்" என்றார் சாமுவேல் சார். பிரித்துப் போட்டேன். மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறையும் அதே. அடைத்தது யார் என்று பேராசிரியர் என் காதுபடவே கேட்டார். குழு கூட மூன்று வாரம்தான் இருந்தது.

அப்போதுதான் பம்பு அறையிலிருந்து வந்த சத்தத்தைக் கவனித்தேன். இரண்டு பம்பும் ஒரே சிமெண்ட் மேடையில் இருந்தன. கொஞ்ச நேரம் தனித்தனியாக அடிக்கும். பிறகு இரண்டும் சேர்ந்து ஒரே அடியாக விழும். எனக்கு அது பிறந்த வீட்டுச் சத்தம். எங்கள் செட்டில் ஆறு தறிக்கும் தனித்தனி மோட்டார்தான். ஆனாலும் ஒரே தரை என்பதால் சில நேரம் எல்லாத் தறியும் சேர்ந்து அடிக்கத் தொடங்கும். சுவர் அதிரும், தகரம் ஆடும். 'தறி கூடிருச்சு' என்போம். கூடினால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் தறியின் கைப்பிடியைத் தட்டி நிறுத்தி, பத்து எண்ணிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். கூட்டு கலைந்துவிடும்.

பம்புகள் கூடித்தான் மேடையை ஆட்டி, என் அடைப்பை அசைத்துக் கசிய விடுகின்றன என்று எனக்குத் தோன்றிவிட்டது. சாமுவேல் சார் டீக்குப் போன சமயம், பம்பு அறைக்குள் போய் இரண்டாம் பம்பின் வால்வை மூடி அதை நிறுத்தினேன். ஓட்டத்தின் நடுவில் தலைவருக்குத் தெரியாமல் பம்பை நிறுத்துவது எங்கள் பிரிவில் பெரிய குற்றம். ஓடி வந்து கசிவு ஊசியைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஊசி மெல்ல இறங்கத் தொடங்கியது. பம்பைத் திரும்பப் போட்டேன், கொஞ்ச நேரத்தில் ஊசி ஏறியது. இன்னொரு முறை செய்தேன், அப்படியே நடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நோய் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். லாக் புக்கில் மட்டும் எழுதவில்லை.

சார் வந்ததும், "பம்பு ரெண்டும் கூடும்போது கசியுது, பிரிஞ்சா நிக்குது சார். காதால கேட்டேன்" என்றேன். காதால் கேட்டேன் என்பது பாதி உண்மை. அவர் "நீரு தறிக்காரர். ஒம்ம காதை நம்புதேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் செலவழித்துப் பம்புகளுக்கு அடியில் ரப்பர் திண்டு போட்டு, மேடையையே இரண்டாகப் பிரித்தோம். பம்புகள் அதற்குப் பிறகு கூடவே இல்லை. முப்பத்தெட்டு வந்ததும் கேன் பழையபடி கசிந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீளமாகத் துடைத்தார். பிறகு, "ஊருல ஆடித் தபசுதானே. ரெண்டு நாள் போயிட்டு வாரும்" என்றார். வேலையை விட்டே அனுப்பிவைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

ஊரில் திருவிழாக் கூட்டம் தெருவெல்லாம் முட்டியது. நான் செட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். திருவிழா என்றாலும் அண்ணன் சங்கரலிங்கம் தறியில் ஏற்றிய ஒரு பாவு நூலை நெய்து முடித்துவிட வேண்டும் என்று மத்தியானம் வரை தறியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, மூஞ்சி ஏன் இப்பிடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே."

அந்த நேரம் பார்த்துத் தறி கூடியது. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி மூன்றாம் தறியை நிறுத்தினான். உடனே கலையவில்லை. முதலில் ஐந்தாம் தறி விலகியது, கொஞ்சம் கழித்து இரண்டாம் தறி. ஒன்றும் நாலும் வெகுநேரம் சேர்ந்தே போய்ப் பிரிந்தன. எது எப்போது விலகுகிறது என்று எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. சின்ன வயசிலிருந்து கேட்ட சத்தம்தான், ஆனால் அன்றைக்குத்தான் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"ஏண்ணே, தறி எப்பக் கூடும்னு ஒனக்குத் தெரியுமா?"

"அதெப்பிடித் தெரியும்? ஒரு நா காலையில கூடும், ஒரு நா கூடவே கூடாது. அதுக்கு என்ன கணக்கா வச்சிருக்கு?"

அங்கேதான் எனக்குச் சுரீர் என்றது. தறி கூடுவதற்குக் கணக்குக் கிடையாது. என் கசிவுக்குக் கணக்கு இருந்தது. மூன்று முறையும் முப்பத்தெட்டு. ரப்பர் போட்ட பிறகும் முப்பத்தெட்டு. அப்படியென்றால் நான் பம்பை நிறுத்தியபோது கசிவு ஏன் நின்றது? ஒரு பம்பு நின்றால் மீதி ஒன்றால் தாக்குப் பிடிக்க முடியாது. அழுத்தம் முப்பத்தெட்டுக்கு மேலே ஏறியிருக்கும், திரவம் அந்த அளவுக்குச் சூடாகி, பழைய கொதிக்கிற ஹீலியமாக மாறியிருக்கும். கசிவு ஊசியை மட்டும் வெறித்துக்கொண்டிருந்த நான் பாதரச மானியைத் திரும்பியும் பார்க்கவில்லை. லாக் புக்கில் எழுதியிருந்தால் சார் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார். ஒரு வாரத்தை வீணாக்கியது நான்.

தபசு பார்க்காமல் ரயில் ஏறிவிட்டேன். சொன்னால் வேலை போகும், கரிவலம்வந்தநல்லூர் சம்பந்தமும் போகும். சொல்லாவிட்டால் எல்லோரும் பம்பு அதிர்வையே தேடிக்கொண்டிருப்பார்கள், அந்தக் கசிவை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வழியெல்லாம் இதுவே மண்டையைக் குடைந்தது. காலையில் நேராக அவர் மேஜை முன்னால் போய் நின்று, பம்பை நிறுத்தியது முதல் அண்ணனின் மூன்றாம் தறி வரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டு, முப்பத்தெட்டில் ஹீலியமும் தறி போலத்தான் கூடுகிறதா என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைத் தொடவில்லை. லாக் புக்கை எடுத்து, பழைய பக்கத்தைத் திறந்து, பேனாவை என்னிடம் நீட்டினார். "இன்னைக்குத் தேதியைப் போட்டு ஓரத்துல எழுதும்" என்றார். எழுதினேன். அதற்குப் பிறகு அவர் பேசியது எனக்கு இன்றும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது.

"ஒம்ம தறி கூடும்போது ஆறு தறி இருக்கு. ஆறும் ஒரே வேலையை ஒரே நேரத்துல செய்யுது. மூணாந்தறியை நிறுத்துனா அஞ்சு இருக்கும். எது நின்னுச்சுன்னு கையக் காட்டிச் சொல்லலாம். சரியா?"

"சரி சார்."

"முப்பத்தெட்டுக்குக் கீழ இந்தத் திரவத்துல மூணாவது அணுன்னு ஒண்ணு கிடையாதுவே. நமக்குத் தெரியலைங்கிறது இல்ல. அப்பிடி ஒண்ணு அங்கன இல்ல. தறிக்காவது ஒண்ணுல துரு இருக்கும், ஒண்ணுல கைப்பிடி வளைஞ்சிருக்கும். ஹீலியம் அணுவுக்கு அடையாளமே கிடையாது. குளிரு போதுமான அளவு வந்ததும் அதுல ஒரு பங்கு ஒரே நிலையில போய் ஒண்ணாயிரும். பல பேரு சேந்து நடக்கான்னு நெனைக்காதீரும். நடை ஒண்ணு இருக்கு, நடக்குறவன்னு தனியா யாரையும் பிரிக்க முடியாது."

"அப்ப அதுக்கும் கூடுறதுக்கும் சம்பந்தமே இல்லையா சார்?"

"பாக்கதுக்கு ஒண்ணு போல இருக்கும். தறி கூடணும்னா கரண்டு வேணும், தரை வழியா அதிர்வு போகணும். கரண்டு போச்சுன்னா கூட்டும் போச்சு. இது சூட்டை எடுத்துக்கிட்டே போனாத்தான் வருது. யாரும் தள்ளிக்கிட்டு இருக்க வேண்டாம். சாதாரணத் திரவம் சின்ன ஓட்டையில போகும்போது ஓரத்துல உள்ளது ஒட்டி நின்னு பக்கத்துல உள்ளதைப் பிடிச்சு இழுக்கும். இதுல அப்பிடி ஒண்ணை மட்டும் பிடிச்சு நிறுத்த முடியாது. அதான் வாயு நுழையாத ஓட்டையிலயும் போயிருது."

பிறகு லாக் புக்கைத் தன் பக்கம் திருப்பி, மூன்று முறை கசிந்த எண்களின் மேல் விரலை ஓட்டினார். "மூணு தடவை பிரிச்சு அடைச்சீரு. மூணு தடவையும் ஊசி ஒரே இடத்துல போய் நிக்கு. நீரு அடைச்சது தடவைக்குத் தடவை கொஞ்சமாவது மாறிருக்கும். இதுல மாறாதது எதுவே?"

கேன் மூடியில் மாறாதது ஒன்றுதான் இருந்தது. சோதனைக் கம்பிகள் உள்ளே போகும் இடத்தில் பசை ஊற்றி அடைத்த ஒரு பித்தளைக் குழாய். அதைச் செய்தவர் யார் என்று பிரிவில் எல்லோருக்கும் தெரியும். சாரே எழுந்து போய் அந்தக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஓட்டையில்லாத தகட்டை வைத்து அடைக்கச் சொன்னார்.

மறுநாள் பேராசிரியரும் வந்து நின்றார். மானி ஐம்பதுக்கு வந்தது, நாற்பதுக்கு வந்தது. என் கண் கசிவு ஊசியில் இருந்தது, இந்த முறை ஒரு கண் மானியிலும் இருந்தது. முப்பத்தெட்டு. குமிழ் எல்லாம் நின்றது. ஊசி இருந்த இடத்திலேயே இருந்தது. முப்பது வந்தது, இருபது வந்தது, ஊசி அசையவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பேராசிரியர் பெருந்தன்மையாக, "பழைய உபகரணம், தேய்மானம் என்று போட்டுவிடலாமே. யாரையும் குறிப்பிட வேண்டாம்" என்றார். சாமுவேல் சார் பேனாவைத் திறந்து நான் எழுதியதற்குக் கீழே எழுதினார். எழுதியதை வாய்விட்டும் சொன்னார். "கம்பிக் குழாயின் அடைப்பு நான் செய்தது. கசிவு அதில்." கீழே முழுப் பெயரைப் போட்டார். பிறகும் குனிந்து ஏதோ எழுதினார். அதை வாசிக்கவில்லை, புத்தகத்தை மூடிவிட்டார்.

எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. கரிவலம்வந்தநல்லூரில் கல்யாணமும் நடந்தது. ஆனால் அவர் கடைசியாக எழுதியது என்ன என்பது மட்டும் முள்ளாகவே இருந்தது. பம்பை நிறுத்தியதைப் பற்றி நறுக்கென்று ஏதாவது எழுதியிருப்பார், எந்தக் கோப்பிலோ அது இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். புத்தகம் அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சார் ஓய்வு பெற்றார், சில வருஷத்துக்கு முன்னால் தவறியும் போனார்.

இதையெல்லாம் கவிதாவிடம் போனில் சொல்லி முடித்தேன். வீரர்கள் படத்தை எடுத்துவிடும்படியும் சொன்னேன். அரை மணி நேரத்தில் அந்தப் பக்கத்தின் போட்டோ வந்தது. ஓரத்தில் என் எழுத்தும், கோமதிநாயகம் என்ற என் கையெழுத்தும்: இரண்டாம் பம்பை அனுமதி இல்லாமல் இரண்டு முறை நிறுத்தினேன், அன்று எழுதவில்லை. அதன் கீழே அவர் வாசித்த வரி. அதற்கும் கீழே, அதே மையில், பொடி எழுத்தில்:

"பம்பு விஷயம் கோமதிநாயகம் தானாக வந்து சொன்னது. அவர் சொல்லியிராவிட்டால் என் அடைப்பை நான் சந்தேகித்திருக்கவே மாட்டேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷமும் இதற்கா பயந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன், மனசு பஞ்சாகிவிட்டது. அந்தத் திரவத்தில் எந்த அணுவாலும் தனியே வந்து 'இது நான்' என்று சொல்ல முடியாது. எங்கள் இருவருக்கும் அது முடிந்தது. ஒருவர் சொன்னதால் மற்றவருக்கும் சொல்ல முடிந்தது.

கவிதா மறுபடி கூப்பிட்டார். "அண்ணாச்சி, இந்தப் பக்கத்தையே தொறந்து வைக்கட்டுமா? ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா வேற பக்கம் வைக்கேன்."

பக்கத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் போட்டோவைக் காட்டிக் கேட்டேன். அவள் நிதானமாகப் படித்தாள். "வைக்கச் சொல்லுங்க. எங்க அப்பா இதைப் படிச்சிருந்தா அந்தக் கடுதாசிக்காகக் காத்திருந்திருக்க மாட்டாக" என்றாள்.

வைக்கச் சொல்லிவிட்டேன். பின்னால் செட்டில் தறி கூடிக்கொண்டிருந்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அண்ணன் கைப்பிடியைத் தட்டியிருப்பான். சத்தத்தில் ஒன்று குறைந்தது. எது நின்றது என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் தறிதான்.